'டிட் யூ வென்ட்?' என்று கேட்கும் நாலாம் வகுப்பு

கேள்வி: நான் ஓர் ஈராசிரியர் பள்ளியில் நான்கு, ஐந்தாம் வகுப்புகளுக்கு எல்லாப் பாடமும் எடுக்கிறேன். இரண்டு வகுப்பும் சேர்த்து 26 பிள்ளைகள், ஒரே அறை. ஹெல்பிங் வெர்ப் (துணைவினை) 23-ஐயும் சார்ட்டில் எழுதி ஒட்டி, பாட்டு மாதிரி மனப்பாடம் செய்ய வைத்திருக்கிறேன். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் ஒப்பிப்பார்கள். ஆனால் நோட்டைத் திறந்தால் 'ஷீ இஸ் கோ டு ஸ்கூல்', 'ஐ டிட் நாட் வென்ட்', 'வாட் யூ ஆர் டூயிங்' என்றுதான் இருக்கிறது. ஒரு பையன் எதை எழுதினாலும் 'ஐ ஆம்' போடுகிறான்: 'ஐ ஆம் ஈட்', 'ஐ ஆம் ப்ளே', 'ஐ ஆம் லைக் மேங்கோ'. இங்கிலீஷ் பீரியடில் தமிழே பேசக் கூடாது என்கிறார் எங்கள் தலைமையாசிரியர். நான் எங்கே தப்பு செய்கிறேன்?
– ஓர் ஆசிரியை, திருவண்ணாமலை மாவட்டம்

பதில்:

டீச்சர், முதல் வேலையாக அந்தச் சார்ட்டைச் சுவரிலிருந்து கழற்றிவிடுங்கள். கோபித்துக்கொள்ளாதீர்கள், நானும் அதே சார்ட்டை எழுதி ஒட்டியவள்தான், அதுவும் பச்சை, சிவப்பு ஸ்கெட்ச் பேனாவில் பார்டர் எல்லாம் போட்டு. வேலைக்குச் சேர்ந்த புதிதில் என் வகுப்பில் ஒரு பெண் இருந்தாள். 'ஆம், இஸ், ஆர், வாஸ், வேர்' என்று ஆரம்பித்தால் மூச்சு விடாமல் 'வுட்' வரைக்கும் போய்த்தான் நிற்பாள், பள்ளியைப் பார்க்க வருகிறவர்கள் கைதட்டுவார்கள். அதே பெண் தண்ணீர் குடிக்கப் போக வேண்டுமென்றால் 'மிஸ், வாட்டர் கோ?' என்பாள். அவள் தினமும் பாடுகிற பாட்டிலேயே 'மே' இருக்கிறது, 'கேன்' இருக்கிறது. அதைக் கொண்டுதான் தண்ணீர்ப் பானைக்குப் போக அனுமதி கேட்க வேண்டும் என்று அவளுக்கு யாரும் சொல்லவில்லை, நான் உள்பட. மாவட்டங்களின் பெயரை வரிசையாக ஒப்பிக்கத் தெரிந்துவிட்டால் பஸ் ஏறி ஊர் போய்ச் சேரத் தெரிந்துவிடுமா என்ன?

சரி, பட்டியல் போகட்டும். பிள்ளைகளின் தப்பைப் பார்ப்போம். 'ஐ டிட் நாட் வென்ட்' என்று எழுதிய குழந்தையை நான் திட்ட மாட்டேன். விஷயம் நேற்று நடந்தது என்று அதற்குத் தெரிகிறது, இல்லை என்று சொல்ல 'டிட் நாட்' வேண்டும் என்று தெரிகிறது, 'கோ' என்பதற்கு இறந்தகாலம் 'வென்ட்' என்பதுகூடத் தெரிகிறது. காலத்தை ஓர் இடத்தில் காட்டினால் போதும் என்பதுதான் தெரியவில்லை. இங்கிலீஷையே தாய்மொழியாகப் பேசுகிற வீட்டில் பிறந்த மூன்று, நான்கு வயதுக் குழந்தைகளும் இதே மாதிரி இரண்டு இடத்திலும் காலத்தைப் போட்டுப் பேசித்தான் பிறகு சரியாகிறார்கள், 'வாட் யூ ஆர் டூயிங்' போன்ற கேள்வியும் அவர்கள் வாயில் வரும். அதனால் உங்கள் வகுப்பு ஒன்றும் கெட்டுப்போய்விடவில்லை.

இப்போது ஒரு தமிழ்ச் சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். 'வந்தான்.' காலமும் ஆளும் இரண்டுமே அதற்குள் இருக்கின்றன. இதோடு 'விடு' என்ற துணைவினையைச் சேர்த்தால் என்ன ஆகிறது? 'வந்துவிட்டான்.' 'வந்தான் விட்டான்' என்று நம் ஊரில் இரண்டு வயதுக் குழந்தைகூடச் சொல்லாது. துணைக்கு ஒருவன் வந்தவுடன் காலத்தையும் 'ஆன்' விகுதியையும் அவன் தோளுக்கு மாற்றிவிட்டு, 'வா' வெறும் 'வந்து' என்று எச்சமாக ஒதுங்கிக்கொள்கிறது. 'வந்துகொண்டிருக்கிறான்', 'வந்திருப்பான்' எல்லாம் இதே கதைதான். இங்கிலீஷிலும் இதே சட்டம்தான் டீச்சர், துணைவினை வந்துவிட்டால் சுமை துணைவினைக்கு. 'ஷீ வென்ட்' என்பதில் 'டிட்' வந்து சேர்ந்தால் 'வென்ட்' தன் இறந்தகாலத்தை அதனிடம் கொடுத்துவிட்டு 'கோ' ஆகிவிட வேண்டும். 'டிட் ஷீ வென்ட்' என்பது 'வந்தான் விட்டான்' மாதிரி. உங்கள் பிள்ளைகள் தமிழில் ஒரு நாளைக்கு ஆயிரம் தடவை சரியாகச் செய்கிற வேலை இது. அதைத்தான் அவர்களுக்குக் காட்ட வேண்டும்.

இதை எப்படித் தமிழ் பேசாமல் காட்டுவீர்கள்? முடியாது. அதனால் உங்கள் தலைமையாசிரியரிடம் நான் சொன்னதாகவே சொல்லுங்கள்: நாற்பது நிமிட பீரியடில் இரண்டு நிமிடம் தமிழ் பேசினால் இங்கிலீஷ் ஓடிப்போய்விடாது, மீதி முப்பத்தெட்டு நிமிடமும் பிள்ளைகள் வாயில் இங்கிலீஷ் வருகிறதா என்று அவர் வந்து பார்க்கட்டும். என் கவலை வேறு, டீச்சர். தமிழில் விளக்கம் சொல்ல ஆரம்பித்தால் நமக்கு நாக்கு நிற்காது, இரண்டு நிமிடம் இருபது ஆகிவிடும். கையில் கடிகாரம் கட்டிக்கொண்டு பேசுங்கள்.

தமிழ் உதவுகிற மாதிரியே சில இடத்தில் காலை வாரியும் விடும், அதையும் நீங்கள் தெரிந்து வைத்திருக்க வேண்டும். பிள்ளைகளுக்குச் சொல்ல அல்ல, தப்பு எங்கிருந்து வருகிறது என்று உங்களுக்குப் புரிய. 'இது பேனா' என்று வினையே இல்லாமல் முழு வாக்கியம் பேசுகிற மொழி நம்முடையது, அதனால் 'இஸ்' எதற்கு என்றே குழந்தைக்கு உறைக்காது. 'வந்திருக்கிறான்' என்பதில் இருப்பது 'இரு', அதனால்தான் 'ஹீ ஹேஸ் கம்' என்று வர வேண்டிய இடத்தில் 'ஹீ இஸ் கம்' வருகிறது, குழந்தை சொல்லுக்குச் சொல் சரியாகத்தான் மாற்றியிருக்கிறது. கேள்வி கேட்பதற்கு நாம் கடைசியில் ஒரு 'ஆ' ஒட்டிவிட்டுப் போய்விடுவோம், 'வருகிறானா', 'சாப்பிட்டாயா' என்று, யாரும் இடம் மாற வேண்டியதில்லை, அதனால் 'வாட் யூ ஆர் டூயிங்'. பதில் சொல்வதிலும் வித்தியாசம் இருக்கிறது. 'சாப்பிட்டியா?' என்றால் 'சாப்பிட்டேன்' என்று வினையையே திருப்பிச் சொல்வோம், இங்கிலீஷில் துணைவினையைத்தான் திருப்பிச் சொல்ல வேண்டும், 'யெஸ், ஐ டிட்' என்று. இந்த நான்கு இடத்தை மட்டும் ஒரு வருடம் முழுக்கத் தட்டிக்கொண்டே இருந்தால் போதும், மற்றதெல்லாம் தானாக வரும்.

அப்புறம் ஒரு சங்கதி. ஒருமுறை ஒரு பையன் என்னிடம் கேட்டான், "மிஸ், 'டூ'ன்னா செய்யறது. 'டு யூ லைக் மேங்கோ'ன்னா 'நீ செய்யறியா மாம்பழம் பிடிக்குதா'ன்னா அர்த்தம்?" வகுப்பே சிரித்தது, நான் சிரிக்கவில்லை, ஏனென்றால் என்னிடம் பதில் இல்லை. ரொம்ப நாள் கழித்துத்தான் பதில் கிடைத்தது, அதுவும் வீட்டுச் சமையலறையில். 'பாலைக் கொட்டிட்டான்' என்கிறோம், யாராவது எதையாவது விட்டார்களா? 'கொட்டித் தொலைச்சான்' என்கிறோம், எதுவும் தொலைந்துபோகவில்லை. 'சொல்லி வைச்சேன்' என்கிறோம், எதையும் எங்கேயும் வைக்கவில்லை. துணைக்கு நிற்கும்போது அந்த வினை தன் சொந்த அர்த்தத்தைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் நிற்கிறது. 'டூ'வும் அப்படித்தான், கேள்விக்கும் 'நாட்'டுக்கும் தோள் கொடுக்க வந்த ஆள், அவ்வளவுதான். நானூறு வருடத்துக்கு முன்னால் இங்கிலீஷில் 'டூ' இல்லாமலே 'நோ யூ?', அதாவது 'உனக்குத் தெரியுமா?' என்று கேட்க முடிந்தது, பிறகுதான் இது கட்டாயமாகிப்போனது. அந்தப் பையன் இப்போது கேட்டிருந்தால் பாலை வைத்தே விளக்கியிருப்பேன்.

இனி வகுப்பில் செய்ய வேண்டியது. உங்களுக்குத் தேவை பழைய காலண்டர் அட்டை, ஸ்கெட்ச் பேனா, இரண்டு துணி கிளிப். அட்டைக்கு ஒரு சொல்லாக எழுதி ஆளுக்கு ஒன்று கொடுத்துக் கரும்பலகைக்கு முன்னால் வரிசையாக நிறுத்துங்கள். முதலில் 'ஷீ', 'இஸ்', 'ஈட்டிங்' என்று மூன்று பேர். வகுப்பு சேர்ந்து படிக்கட்டும். இப்போது "கொஸ்டின்!" என்று நீங்கள் கத்தினால் 'இஸ்' அட்டை வைத்திருக்கிற குழந்தை நடந்து போய் 'ஷீ'க்கு முன்னால் நிற்க வேண்டும். மறுபடி படித்தால் 'இஸ் ஷீ ஈட்டிங்?' அடுத்து 'வாட்' அட்டைக்காரன் வந்து எல்லோருக்கும் முன்னால் நிற்கட்டும். 'வாட் இஸ் ஷீ ஈட்டிங்?' இடம் மாறுவதைக் காதால் கேட்டுப் புரிந்துகொள்ள முடியாத குழந்தை, தன் பக்கத்தில் நின்றவன் தாண்டிப் போவதைக் கண்ணால் பார்த்தால் பிடித்துக்கொள்கிறது. 'கேன்', 'வில்', 'வாஸ்' எல்லாம் இதே மாதிரி நடக்கும். ஒரே நாளில் எல்லாவற்றையும் நடக்க விடாதீர்கள்.

இரண்டு வாரம் இது ஓடிய பிறகு கிளிப்புக்கு வாருங்கள். 'ஷீ', 'கோ', 'டு ஸ்கூல்' என்று மூன்று பேரை நிறுத்துங்கள். 'ஈ, எஸ்' என்ற இரண்டு எழுத்தை எழுதின ஒரு துண்டு அட்டையைக் கிளிப்பால் 'கோ' அட்டையில் மாட்டினால் 'கோஸ்'. இப்போது "கொஸ்டின்!" யாரும் நகர மாட்டார்கள். நகர ஆள் இல்லையே, வரிசையில் துணைவினையே கிடையாது! பிள்ளைகள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பார்கள், கொஞ்ச நேரம் பார்க்கட்டும், அவசரப்பட்டு நீங்கள் சொல்லிவிடாதீர்கள். அப்புறம் ஜன்னல் ஓரத்தில் சும்மா உட்கார்ந்திருக்கிற 'டூ' அட்டைக்காரனைக் கூப்பிடுங்கள். அவன் வந்து முன்னால் நின்று, 'கோ'விடமிருந்து அந்தக் கிளிப்பைப் பிடுங்கித் தன் அட்டையில் மாட்டிக்கொள்ள வேண்டும். 'டஸ் ஷீ கோ டு ஸ்கூல்?' பேச்சில் 'டூ' என்பது 'டஸ்' ஆகும்போது ஒலி மாறுவதால் குழந்தைக்குத் தொடர்பு தெரிவதில்லை, எழுத்தில் பார்த்தால் அதே 'ஈ, எஸ்'தான் ஓர் அட்டையிலிருந்து இன்னோர் அட்டைக்கு மாறியிருக்கிறது. கிளிப் ஒன்றுதான் உண்டு, இரண்டு பேர் மாட்ட முடியாது என்பதை மட்டும் கறாராக வைத்துக்கொள்ளுங்கள். 'டஸ் ஷீ கோஸ்' என்று யாராவது சொன்னால் நீங்கள் திருத்த வேண்டியதே இல்லை, "கிளிப் யாருகிட்ட?" என்று கேட்டால் போதும், வகுப்பே திருத்தும். 'நாட்' வந்தாலும் இதே கதைதான், 'டூ' வந்து 'ஷீ'க்குப் பக்கத்தில் நின்று கிளிப்பை வாங்கிக்கொள்ளும்.

'டிட்'டுக்கும் இதையே செய்யலாம். 'வென்ட்' அட்டையின் பின்பக்கம் 'கோ' என்று எழுதிவிடுங்கள், 'டிட்' வந்து நின்றதும் அட்டை திரும்ப வேண்டும். இந்த இடத்தில் அந்த 'வந்தான் விட்டான்' கதையைச் சொல்லிப் பாருங்கள், சிரிப்பார்கள், சிரித்தால் நினைவில் நிற்கும்.

எழுதப் படிக்க, கணக்குப் போட அடிப்படை சொல்லித்தரும் அரசின் எண்ணும் எழுத்தும் திட்டம் 2022-ல் சின்ன வகுப்புகளுக்கு வந்து, அடுத்த வருடம் உங்கள் வகுப்புக்கும் வந்த பிறகு அரும்பு (ஆரம்ப நிலை), மொட்டு, மலர் என்று பிள்ளைகளை நிலை பிரித்து வைத்திருப்பீர்கள். இந்த விளையாட்டில் மட்டும் பிரிக்காமல் கலந்து நிறுத்துங்கள். நான் எப்போதும் 'டூ' அட்டையை அரும்பு நிலைக் குழந்தைக்குத்தான் கொடுப்பேன். ஒரே ஒரு சொல்தான் படிக்க வேண்டும், ஆனால் அவன் வந்தால்தான் கேள்வியே நடக்கும்.

அந்த 'ஐ ஆம்' பையனைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். அவனுக்கு 'ஐ ஆம்' இரண்டு சொல் அல்ல, 'ஐயாம்' என்று ஒரே சொல், அதற்கு அர்த்தம் 'நான்'. பள்ளிக்கூடத்தில் சேர்ந்த நாளிலிருந்து 'ஐ ஆம் இன்னார், ஐ ஆம் ஸ்டடியிங் இன் இந்த வகுப்பு' என்று நாம்தானே சொல்ல வைத்தோம்? அவன் கேட்ட வரையில் 'நான்' என்பது எப்போதும் அப்படித்தான் ஆரம்பிக்கிறது. இதை விளக்கிப் பயனில்லை, 'ஆம்' இல்லாத 'ஐ' அவன் காதிலும் வாயிலும் நூறு தடவை விழ வேண்டும். அதற்கு ஒரு கணக்கெடுப்பு வையுங்கள். நோட்டில் கட்டம் போட்டுக்கொண்டு ஒவ்வொருவரிடமும் போய் 'டு யூ லைக் பாகற்காய்?', 'டு யூ லைக் உப்புமா?' என்று கேட்க வேண்டும் (காய்க்கு இங்கிலீஷ் பெயர் தேடி நேரத்தை வீணாக்காதீர்கள், இன்றைக்குப் பாடம் 'டூ', பாகற்காய் அல்ல). பதில் 'யெஸ், ஐ டூ' அல்லது 'நோ, ஐ டோன்ட்', வேறு எதுவும் செல்லாது. ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் அந்த நோட்டை வாங்கி 'டஸ் மீனா லைக் உப்புமா?' என்று கேட்க, நாலாம் வகுப்பு 'நோ, ஷீ டஸ்ன்ட்' என்று சொல்லட்டும். இரண்டு வகுப்பு ஒரே அறையில் இருக்கிறதே என்று சலித்துக்கொள்கிறோம், இந்த மாதிரி வேலைக்கு அது வசதி. அந்தப் பையன் மற்ற 25 பேரிடம் கேட்டு, 25 பேருக்குப் பதில் சொன்னால் ஒரே பீரியடில் எத்தனை 'ஐ டூ' ஆகிறது என்று பாருங்கள்.

'ஐ ஆம்' வேண்டிய இடத்துக்கு ஊமை விளையாட்டு வையுங்கள். ஒருவன் முன்னால் வந்து பல் தேய்ப்பது போலவோ மாடு கறப்பது போலவோ நடிக்க, மற்றவர்கள் 'ஆர் யூ ப்ரஷிங்?', 'ஆர் யூ மில்க்கிங்?' என்று கேட்க, அவன் 'யெஸ், ஐ ஆம்', 'நோ, ஐ ஆம் நாட்' என்று சொல்ல வேண்டும். நடித்துக்கொண்டிருக்கும்போதே கேட்க வேண்டும் என்பது முக்கியம், நடித்து முடித்து உட்கார்ந்த பிறகு கேட்டால் 'இங்' எதற்கு என்று தெரியாமல் போய்விடும்.

வரிசை என்று கேட்டால், நான் 'ஆம், இஸ், ஆர்' கூடவே 'இங்', அதற்குப் பிறகு 'கேன்', அதற்குப் பிறகு 'டூ, டஸ்', நன்றாகப் பழகிய பிறகு 'டிட்', கடைசியில் 'வில்' என்று போவேன். 'ஹேவ், ஹேஸ்' துணைவினையாக வருவதை ஐந்தாம் வகுப்புக் கடைசியில் லேசாகத் தொட்டால் போதும். 'ஷேல்', 'மைட்', 'வுட் ஹேவ் பீன்' எல்லாம் பெரிய வகுப்பில் பார்த்துக்கொள்ளட்டும். 23 சொல்லையும் தனித்தனியாக நினைவில் வைப்பதற்குப் பதில் எந்தத் துணை எந்த உருவத்தைக் கேட்கும் என்று மட்டும் பிரித்தால் இந்த வகுப்புகளுக்கு மூன்றே வீடுதான்: 'இஸ்' வீட்டுக்கு 'ஈட்டிங்', 'ஹேவ்' வீட்டுக்கு 'ஈட்டன்', 'டூ, கேன், வில்' வீட்டுக்கு வெறும் 'ஈட்'. 'இஸ் கோ' எழுதுகிற குழந்தை வீடு மாறிப் போயிருக்கிறது, அவ்வளவுதான். 'ஹெல்பிங் வெர்ப்' என்ற பெயரையே நான் முதல் பருவத்தில் சொல்வதில்லை. முதலில் நடக்கட்டும், பெயர் பிறகு வைக்கலாம்.

ஆனால் தேர்வில் 'துணைவினையை அடிக்கோடிடுக' என்று வருமே என்பீர்கள். வரும். அதற்குப் பத்து நாள் முன்னால் சொல்லிக்கொடுங்கள், இவ்வளவும் செய்த பிள்ளைக்குப் பத்து நாள் தாராளம். அதில் ஒரு பொறி இருக்கிறது, பல பயிற்சி நோட்டுகளிலேயே அது தப்பாக இருக்கும். 'ஹீ ஹேஸ் எ கைட்' என்பதில் 'ஹேஸ்' துணைவினை அல்ல, அது தனியாளாக நிற்கிற முதன்மை வினை. 'ஐ டூ மை ஹோம்வொர்க்' என்பதில் 'டூ'வும் அப்படியே. 'பையை மேசைமேல் வைத்தான்' என்பதில் இருக்கிற 'வை' வேறு, 'சொல்லி வைத்தான்' என்பதில் இருக்கிற 'வை' வேறு, இல்லையா? பக்கத்தில் இன்னொரு வினை இருக்கிறதா என்று விரல் வைத்துத் தேடச் சொல்லுங்கள், இல்லையென்றால் கோடு போடக் கூடாது.

நோட்டுத் திருத்துவது பற்றி நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். ஒரு பக்கத்தில் பதினைந்து சிவப்பு வட்டம் போட்டால் குழந்தை வட்டத்தைத்தான் எண்ணும். இந்த வாரம் 'டஸ்' என்றால் 'டஸ்' தப்பை மட்டும் திருத்துங்கள், 'மேங்கோ'வில் எழுத்துப் பிழை இருந்தாலும் கண்ணை மூடிக்கொள்ளுங்கள். பேசும்போது "ரவி இஸ் கோ ஹோம்" என்று ஒருவன் ஓடி வந்தால் "ஓ, ரவி இஸ் கோயிங் ஹோம்? ஒய்?" என்று சரியான உருவத்தைக் காதில் போட்டுவிட்டு விஷயத்தைக் கேளுங்கள். ரவி ஏன் வீட்டுக்குப் போகிறான் என்பதுதான் அந்தக் குழந்தைக்கு அவசரம்.

கிளிப்பைப் பற்றி ஒரு வார்த்தை. பிளாஸ்டிக் கிளிப் வாங்காதீர்கள், 'டூ'க்காரன் பிடுங்குகிற வேகத்தில் இரண்டே நாளில் உடைந்துவிடும். மரக் கிளிப்பாகப் பார்த்து ஒரு டஜன் வாங்குங்கள், பாதி எப்படியும் பிள்ளைகளின் பையில் வீட்டுக்குப் போய்விடும்.